யார் பெயரில் இறக்குமதி? பிரேசிலுக்குப் போன ஓர் அலுவலக லேப்டாப்: நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனம், 2025ஆம் ஆண்டின் முதல் பாதியில், பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் வசிக்கும் ஒரு பொறியாளரை வேலைக்கு எடுத்தது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை. ஆம்ஸ்டர்டாம் அலுவலக அலமாரியில் ஒரு நல்ல லேப்டாப் சும்மா கிடந்தது. முன்பு அதை வைத்திருந்தவர் வேறு மாடலுக்கு மாறிவிட்டார். பழைய தரவுகளை அழித்து, மென்பொருளைப் புதிதாக ஏற்றி, பெட்டியில் வைத்து எக்ஸ்பிரஸ் கூரியரில் அனுப்பிவிட்டார்கள். பொறியாளர் வேலையில் சேர்ந்த நாளில் பெட்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடைசியில், யாரும் பயன்படுத்தாமலே, அதே பெட்டி ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பி வந்தது. வந்த இடத்திலும் அதற்கு வரி கேட்டார்கள்.

இது ஏன் நடந்தது, எங்கே தடுத்திருக்கலாம் என்று பார்த்து எழுதும் பொறுப்பு பிறகு என்னிடம் வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். தாள்களையும் மின்னஞ்சல்களையும் வரிசையாகப் படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யாரும் சோம்பேறித்தனமாக நடந்துகொள்ளவில்லை. அலுவலக நிர்வாகி அன்றே பெட்டியைக் கட்டினார், கூரியர் மறுநாளே எடுத்துப்போனது, பொறியாளர் கேட்ட தகவலையெல்லாம் உடனுக்குடன் கொடுத்தார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை: பிரேசிலுக்குள் இந்தப் பொருளை இறக்குமதி செய்பவர் யார்?

அனுப்புகிறவருக்கு அது ஒரு லேப்டாப். கம்பெனி சொத்து, கம்பெனி ஆளுக்கே போகிறது, யாரும் யாருக்கும் விற்கவில்லை. சுங்கத்துறை அப்படிப் பார்ப்பதில்லை. எல்லை தாண்டி உள்ளே வரும் பொருள் இறக்குமதிப் பொருள். அதற்கு உள்நாட்டில் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை அனுப்புகிறவர் முன்கூட்டியே தீர்மானிக்காவிட்டால், பெட்டியின் மேல் பெயர் எழுதப்பட்டிருப்பவர்தான் இறக்குமதியாளர். அதாவது, இன்னும் முதல் சம்பளம்கூட வாங்காத பணியாளர்.

பெட்டியோடு போன தாள்

கூரியர் நிறுவனத்தின் இணையப் படிவத்தில் பொருளின் விவரம் என்ற இடத்தில் ‘கணினிச் சாதனம், பயன்படுத்தியது, அலுவலக உபயோகம்’ என்று எழுதியிருந்தது. மதிப்பு 100 யூரோ. வரிகளை யார் கட்டுவது என்ற இடத்தில் படிவம் தானாகக் காட்டியதையே விட்டிருந்தார்கள், அது ‘பெறுபவர்’. சுங்கக் குறியீட்டு எண் காலி. பெறுபவரின் வரி அடையாள எண் காலி. தொடர் எண் எங்கும் இல்லை.

ஐந்து கட்டங்கள்தான். பின்னால் வந்த ஒவ்வொரு சிக்கலும் இந்த ஐந்தில் ஒன்றிலிருந்து கிளம்பியது.

முதலில் விவரம். உலகச் சுங்க அமைப்பின் குறியீட்டு முறையில் லேப்டாப்புக்குத் தனி இடம் இருக்கிறது: 8471.30. பத்து கிலோவுக்கு மேற்படாத, கையில் எடுத்துச்செல்லக்கூடிய தரவுச் செயலாக்க இயந்திரங்கள் அதில் அடங்கும். முதல் ஆறு இலக்கம் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒன்றுதான். அதற்குப் பின் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்கிறது. ‘கணினிச் சாதனம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது சர்வராகவும் இருக்கலாம், மானிட்டராகவும் இருக்கலாம், மதர்போர்டாகவும் இருக்கலாம். அதிகாரி பெட்டியைத் திறந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். திறக்க வேண்டிய பெட்டி வரிசையில் பின்னுக்குப் போகும். தயாரிப்பாளர் பெயர், மாடல், தொடர் எண், புதியதா பழையதா, எந்த நாட்டில் தயாரானது என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அந்த வேலை மிச்சம்.

அடுத்தது மதிப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த அளவில் பல நிறுவனங்களில் இதே பழக்கம் இருக்கிறது. விற்பனையே இல்லாதபோது மதிப்பு எதற்கு, சும்மா ஒரு சின்ன எண்ணைப் போடுவோம் என்று நினைக்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தப்படி, முதல் வழி பரிவர்த்தனை மதிப்பு. உண்மையில் கொடுத்த, கொடுக்க வேண்டிய விலை. விற்பனை நடக்காவிட்டால் அந்த வழி பொருந்தாது என்பது சரி. அதனால் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. அதே போன்ற பொருளின் விலை, ஒத்த பொருளின் விலை என்று ஒப்பந்தம் அடுத்தடுத்த வழிகளைச் சொல்கிறது. அதிகாரி மாடல் எண்ணைத் தேடினாலே சந்தை விலை திரையில் வந்துவிடும். புதிதாக 1,400 யூரோவுக்கு வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத லேப்டாப்புக்கு 100 யூரோ என்று எழுதியிருந்தால், அந்த ஒரு எண்ணாலேயே தாளில் உள்ள மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

குறைத்து எழுதியதன் இன்னொரு விளைவை யாரும் யோசிக்கவில்லை. வழியில் பெட்டி தொலைந்திருந்தால்? விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் இடங்களில், தனியாக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், இழப்பீட்டின் உச்ச வரம்பு எடைக் கணக்குதான். 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர், அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில். அதற்கு முன்பு 22. இரண்டரைக் கிலோ பெட்டிக்கு 65 எஸ்டிஆர். ஒரு லேப்டாப்பின் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது. தனிக் காப்பீடு எடுத்திருந்தாலும், காப்பீட்டாளர் பார்ப்பது அறிவித்த மதிப்பைத்தான். 100 யூரோ என்று எழுதிய கையால் 1,200 கேட்க முடியாது.

பதினொரு இலக்கம்

பெட்டி பிரேசிலில் இறங்கியதும் முதலில் நின்ற இடம் சிபிஎஃப். அது அந்நாட்டில் தனிநபருக்கான வரிப் பதிவு எண், பதினொரு இலக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலைப் பெறுகிறவரின் சிபிஎஃப் இல்லாமல் சுங்கச் செயல்பாடு நகராது. கூரியர் நிறுவனம் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர் உடனே கொடுத்தார். யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். தன் அலுவலக லேப்டாப் நிற்கிறது என்று சொன்னால் எண்ணைக் கொடுக்காமல் என்ன செய்வது?

ஆனால் அந்த எண்ணைக் கொடுத்த கணத்தில் இறக்குமதி அவர் பெயரில் பதிவாகிவிட்டது. அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாமில் இருந்தவர்களுக்கும் அது தெரியாது. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம் இதுதான். பொறுப்பு கை மாறிய நேரத்தில், அது கை மாறுகிறது என்று இரண்டு பக்கமும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் மதிப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். நிறுவனம், நேர்மையாகவே, பழைய கொள்முதல் இன்வாய்ஸை அனுப்பியது. இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1,200 டாலர் என்று திருத்தப்பட்டது. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 1,300 டாலர். இனி வருவது கணக்கு.

பிரேசிலில் 3,000 டாலர் வரை மதிப்புள்ள எக்ஸ்பிரஸ் பார்சல்களுக்கு ஓர் எளிமைப்படுத்தப்பட்ட வரி முறை உண்டு. எளிமை என்பது நடைமுறையில், விகிதத்தில் இல்லை. 50 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 2025இல் இறக்குமதி வரி 60 சதவீதம். 2024 ஆகஸ்டிலிருந்து அதில் 20 டாலர் கழிவு. 1,300 டாலருக்கு 60 சதவீதம் 780. கழிவு போக 760. இதற்கு மேல் மாநில வரி. சாவ் பாவ்லோவில் 17 சதவீதம். வேறு சில மாநிலங்களில் 2025 ஏப்ரல் முதல் 20. இந்த மாநில வரியைக் கணக்கிடும் விதத்தைக் கவனிக்க வேண்டும். வரி தன்னையும் உள்ளடக்கிய தொகையின் மேல் அது விழுகிறது. பொருளும் இறக்குமதி வரியும் சேர்ந்த 2,060 டாலரை 0.83ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2,482. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 422 டாலர்தான் மாநில வரி.

மொத்த வரி 1,182 டாலர். லேப்டாப்பின் விலையே 1,200.

இந்தத் தொகைக்கான அறிவிப்பு பொறியாளரின் கைபேசிக்குப் போனது. அவர் பெயரில், அவர் எண்ணில், கட்டத் தவறினால் பொருள் திரும்பும் என்ற குறிப்போடு. அவர் கட்டவில்லை. சரியான முடிவு. கட்டியிருந்தால், நிறுவனத்தின் சொத்துக்கு அவர் சொந்தப் பணத்தில் வரி கட்டி, அதைத் திரும்பப் பெறுவதற்கு எந்த முறையான தாளும் இல்லாமல் நின்றிருப்பார். அவர் கணக்கில் நிறுவனம் பணம் போட்டால் அது செலவு ஈடா, வருமானமா என்ற கேள்வி வேறு. நிறுவனம் நேரடியாகக் கட்ட முயன்றது. ஏற்கெனவே பெறுபவர் பொறுப்பு என்று பதிவான பார்சலை அனுப்புநர் கணக்குக்கு மாற்றுவதற்கு அனுமதி, கடிதம், மறுபடி அனுமதி என்று நாட்கள் ஓடின. இதற்கிடையில் ‘பயன்படுத்தியது’ என்ற சொல்லும் கேள்விக்கு உள்ளானது. பயன்படுத்திய பொருட்களின் இறக்குமதிக்குப் பிரேசிலில் கடும் கட்டுப்பாடு உண்டு. கெடு முடிந்தது. பெட்டி திரும்பியது.

எல்லா நாட்டிலும் இப்படியா?

இல்லை. அதனால்தான் இந்த நிறுவனமும் ஏமாந்தது. அதற்கு முன்பு அவர்கள் வேறு நாடுகளுக்கு அனுப்பிய லேப்டாப்கள் பெரிய சிக்கலில்லாமல் போய்ச்சேர்ந்திருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுப்பினால் சுங்கமே கிடையாது. அதற்கு வெளியே, 1996இல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் கணினிகளுக்கான சுங்க வரியைப் பூஜ்யமாக்கின. இந்தியா, ஜப்பான், அமெரிக்கா எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றில் பல நாடுகளில் மதிப்புக் கூட்டு வரியோ சரக்கு சேவை வரியோ உண்டு. பிரிட்டனில் 20 சதவீதம், இந்தியாவில் 18. வலிக்கும், ஆனால் தாங்கக்கூடியது. பிரேசில் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஒரு நாட்டுக்கு லேப்டாப் அனுப்புவதற்கு முன்பு அந்த நாடு இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே, வரவிருக்கும் வரியின் அளவைப் பற்றி ஒரு முதல் மதிப்பீடு கிடைத்துவிடும்.

சுங்க வரி பூஜ்யமான நாடுகளிலும் வேறு கதவுகள் இருக்கின்றன. இந்தியா 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்போதே, ஒற்றை லேப்டாப்பாகக் கூரியரில் வருவதற்கு உரிமத்திலிருந்து விலக்கும் தந்தது, வரி உண்டு என்ற நிபந்தனையோடு. அதாவது அதே நாட்டுக்கு ஒன்றை அனுப்புவதும் பத்தை ஒரே பெட்டியில் அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. போன தடவை போய்ச்சேர்ந்ததே என்ற அனுபவத்தை வைத்து அடுத்த நாட்டுக்கு அனுப்பக் கூடாது.

மறையாக்கம், அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பது, அதன் மேலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் வட்டு மறையாக்கம் இருக்கிறது. ஆயுதங்களுக்கும் ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்டது வாசெனார் ஏற்பாடு; அதன் பட்டியலில் ஐந்தாம் வகையின் இரண்டாம் பகுதி மறையாக்கத்தைப் பற்றியது. கடையில் எவரும் வாங்கக்கூடிய சாதாரண லேப்டாப்புக்கு அதில் விலக்கு இருப்பதால் பெரும்பாலான நாடுகளுக்கு இது தடையில்லை. தடை விதிக்கப்பட்ட நாடுகள் என்றால் கதை வேறு. கியூபா, ஈரான், வட கொரியா போன்ற இடங்களுக்கு அனுப்பும் எண்ணம் வந்தாலே சட்ட ஆலோசகரிடம் போய்விட வேண்டும்.

கூட்டத்தில் வந்த யோசனைகள்

பெட்டி நின்றிருந்த வாரங்களில் நடந்த கூட்டங்களின் குறிப்புகளைப் படித்தேன். மூன்று யோசனைகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. மூன்றும் எங்கும் கேட்கக்கூடியவை என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, ‘வரியை நாமே கட்டுகிறோம்’ என்று தேர்ந்தெடுத்து மறுபடி அனுப்புவது. டிடிபி என்று கூரியர்கள் சொல்வது இதைத்தான். பணப் பிரச்சினை தீரும். ஆனால் பணம் யார் கட்டுகிறார் என்பதும் இறக்குமதியாளர் யார் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். நிறுவனம் வரி கட்டினாலும் பதிவு பொறியாளரின் சிபிஎஃப்பில்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயரிலேயே முறையான இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் பிரேசிலில் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்து, அந்நாட்டு வெளிவணிகக் கணினி அமைப்பில் ராடார் எனப்படும் இறக்குமதி அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். ஒரு லேப்டாப்புக்காக யாரும் அதைச் செய்யப்போவதில்லை.

இரண்டு, ஏடிஏ கார்னே. வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர உதவும் பன்னாட்டு ஆவணம். கண்காட்சிப் பொருள், வணிக மாதிரி, படப்பிடிப்புக் கருவி போன்றவற்றுக்கு அருமையானது. அதிகபட்சம் ஓராண்டு, பொருள் கண்டிப்பாகத் திரும்ப வேண்டும். வருடக்கணக்கில் ஒருவர் வீட்டு மேசையில் இருக்கப்போகும் கருவிக்கு இது பொருந்தாது.

மூன்று, யாராவது அந்தப் பக்கம் போகும்போது கையில் கொடுத்தனுப்புவது. இதை நான் ஆதரிக்கவே மாட்டேன். பயணிக்கான சுங்கச் சலுகை பயணியின் சொந்தப் பொருளுக்கு. இன்னொருவரிடம் ஒப்படைக்கப்போகும் நிறுவனச் சொத்தைத் தன் பொருள் என்று சொல்லவைப்பது, சக ஊழியரை அதிகாரியின் முன் பொய் சொல்லச் சொல்வதாகும். அவர் நல்ல மனதோடு ஒப்புக்கொண்டாலும் நிறுவனம் அதைக் கேட்கக் கூடாது.

திரும்பி வந்த பெட்டி

போன பொருள்தானே வருகிறது, இதற்கும் வரியா என்று நிதிப் பிரிவு கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 203ஆம் பிரிவின்படி, ஏற்றுமதியான பொருள் மூன்று ஆண்டுகளுக்குள் அதே நிலையில் திரும்பி வந்தால் சுங்க வரி விலக்கு. உரிய நிபந்தனைகளோடு மதிப்புக் கூட்டு வரிக்கும் விலக்கு கிடைக்கும். லேப்டாப்புக்குச் சுங்க வரி எப்படியும் பூஜ்யம் என்பதால் உண்மையான விஷயம் நெதர்லாந்தின் 21 சதவீத மதிப்புக் கூட்டு வரிதான்.

அந்த விலக்கைப் பெற, திரும்பி வந்ததும் முன்பு போனதும் ஒரே பொருள் என்று காட்ட வேண்டும். இங்கேதான் அந்த 100 யூரோ மறுபடி காலை வாரியது. ஒன்றியத்திலிருந்து வெளியே போகும் பொருளின் மதிப்பு 1,000 யூரோவுக்கு மேல் இருந்தால் முழுமையான ஏற்றுமதி அறிவிப்பு வேண்டும். அதற்கென்று ஒரு பதிவெண் கிடைக்கும். அதற்குக் கீழே எளிய முறை போதும். 100 யூரோ பெட்டி எளிய முறையில் போனது. பதிவெண் இல்லை, தொடர் எண் இல்லை. வெளியே போனது ‘கணினிச் சாதனம்’, 100 யூரோ. உள்ளே வருவது ஒரு குறிப்பிட்ட மாடல் லேப்டாப், பிரேசில் சுங்கம் திருத்திய மதிப்பு 1,200 டாலர். இரண்டும் ஒன்றுதான் என்பதை நிறுவக் கொள்முதல் இன்வாய்ஸ், உள் சொத்துப் பதிவேடு, கூரியரின் பார்சல் எண் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. விலக்கு கிடைத்தது. ஆனால் தொடர் எண்ணை இன்வாய்ஸில் எழுத அரை நிமிடம் போதும்.

சரியாக நடந்தவை

இரண்டு விஷயங்களை அலுவலகம் நன்றாகவே செய்திருந்தது. பேட்டரி விதிகள் முதலாவது. லேப்டாப்புக்குள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் அயான் பேட்டரி, விமானப் போக்குவரத்தில் யுஎன் 3481 என்ற அபாயப் பொருள் எண்ணின் கீழ் வருகிறது, எப்படிப் பொதிய வேண்டும் என்று சொல்லும் பொதிக்குறிப்பு 967. பேட்டரியின் திறன் 100 வாட்-மணிக்கு மேற்படாமல் இருந்தால் சலுகைகள் உண்டு. அந்த எண் லேப்டாப்பின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வந்துவிடும். இந்த லேப்டாப்பில் 11.4 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி, ஆக 51 வாட்-மணிக்குச் சற்று மேல். பெட்டிக்குள் உதிரி பேட்டரியோ பவர் பேங்கோ வைக்கவில்லை. வைத்திருந்தால் விதியே மாறியிருக்கும். தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டார்கள். வீங்கிய பேட்டரி உள்ள லேப்டாப்பை எந்த விமானத்திலும் அனுப்ப முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, பாதுகாப்பு. வட்டு முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது, லேப்டாப் முழுவதுமாக அணைக்கப்பட்டிருந்தது, நிறுவனத் தரவு ஒன்றுகூட அதில் இல்லை. தொலைவிலிருந்து பூட்டும் மேலாண்மை மென்பொருளில் பதிவாகியிருந்தது. நாட்கணக்கில் ஒரு கிடங்கில் கிடந்தபோதும் அதனால் யாரும் தூக்கம் கெடவில்லை.

அங்கேயே வாங்கியது

கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது மிக எளிய வழி. பொறியாளரை பிரேசிலில் சட்டப்படி வேலைக்கு அமர்த்தியிருந்தது ஓர் இடைநிலை நிறுவனம். சம்பளம், வரி, சமூகப் பாதுகாப்பு எல்லாம் அதன் பொறுப்பு. அந்நாட்டில் பதிவு பெற்ற நிறுவனம் என்பதால், அது உள்ளூர் மறுவிற்பனையாளரிடம் ஒரு புதிய லேப்டாப்பை வாங்கி, வரி ரசீதைத் தன் பெயரில் பெற்று, பொறியாளர் வீட்டுக்கு அனுப்பச் செய்து, தொகையை ஆம்ஸ்டர்டாமுக்கு பில் போட்டது. பிரேசிலில் கடை விலை அதிகம்தான். இறக்குமதி வரிகள் அந்த விலைக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அது லேப்டாப்பும் அதே அளவு வரியும் சேர்ந்த தொகையைவிடக் குறைவு. உத்தரவாதமும் அந்த நாட்டிலேயே செல்லும். பழுதானால் எல்லை தாண்ட வேண்டியதில்லை.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வந்த லேப்டாப்பின் விசைப்பலகையில் ‘ç’ எழுத்துக்குத் தனி விசை இருந்தது. பிரேசிலில் எல்லோரும் பழகிய ஏபிஎன்டி2 அமைப்பு. சார்ஜரின் முனை அந்த வீட்டின் மூன்று துளை பிளக் பாயின்டில் நேராகப் பொருந்தியது. ஆம்ஸ்டர்டாம் பெட்டி போய்ச்சேர்ந்திருந்தாலும் அவர் பழகாத விசைப்பலகையில் தட்டச்சு செய்து, அடாப்டர் வாங்கி மாட்டியிருக்க வேண்டும். ஒருவர் நாள் முழுக்கக் கை வைத்து வேலை செய்யும் கருவி அவருக்கு வசதியாக இருக்க வேண்டாமா?

ஐடி பிரிவுக்கு இருந்த ஒரே தயக்கம், தங்கள் கை படாத லேப்டாப்பை எப்படி நம்புவது என்பது. இதற்கு வழி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. விண்டோஸ் என்றால் ஆட்டோபைலட். லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தை விற்பனையாளர் நிறுவனத்தின் கணக்கில் பதிவு செய்துவிட்டால், முதல் முறை இணையத்தோடு இணைந்ததும் அது நேராக நிறுவனத்தின் மேலாண்மைக்குள் வந்துவிடும். ஆப்பிள் என்றால் அப்போது ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் என்ற சேவை. அதில் இணைந்த விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. வேறு கடையில் வாங்கினாலும் ஐஃபோனில் உள்ள கான்ஃபிகரேட்டர் செயலி மூலம் சேர்க்கலாம். ஆனால் அப்படிச் சேர்த்தால் முதல் 30 நாட்களுக்குள் பயனரே அதை விடுவித்துக்கொள்ள முடியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இங்கே விற்பனையாளரே பதிவு செய்து கொடுத்தார். பொறியாளர் மூடியைத் திறந்து, வைஃபை கடவுச்சொல்லைப் போட்டு, தன் அலுவலக முகவரியில் உள்ளே நுழைந்தார். மற்றது தானாக நடந்தது.

வேலைக்கு எடுக்கும்போதே

ஆய்வுக்குப் பிறகு நிறுவனம் மாற்றியது கூரியரை இல்லை, வரிசையை. முன்பு வேலை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, சேரும் தேதிக்குச் சில நாட்கள் முன்னால், அலுவலக நிர்வாகிக்கு ஒரு முகவரி வரும். இப்போது, வேலைக்கான கடிதம் போகும் அன்றே நாடு என்ன என்று பார்க்கிறார்கள். உள்நாட்டில் வாங்க முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாது என்றால்தான் அனுப்புவது பற்றிப் பேச்சு. அப்போதும் இறக்குமதியாளர் யார், வரியை யார் எந்தக் கணக்கிலிருந்து கட்டுவது என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் பெட்டி கட்டுவதில்லை. பணியாளரின் பெயரில்தான் வந்தாக வேண்டும் என்றால், அதற்கு என்ன பொருள், அவர் எதற்கெல்லாம் பொறுப்பாகிறார் என்று அவருக்கு விளக்கி, சம்மதம் வாங்கி, ஒரு காசுகூட அவர் கையிலிருந்து போகாதபடி ஏற்பாடு செய்துவிட்டு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி விதியை நான்தான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன்.

வேலையை விட்டுப் போகும்போது லேப்டாப்பை என்ன செய்வது என்பதும் இப்போது தொடக்கத்திலேயே எழுதப்படுகிறது. திருப்பி அனுப்பச் சொன்னால் இந்த முறை ஏற்றுமதியாளர் அந்தத் தனிநபர். உள்ளே வரும் நாட்டில் மறுபடி இறக்குமதி. லேப்டாப் பழுதாகியிருந்தால் இன்னும் சிக்கல். அபாயகரமான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தத்தில் செய்த திருத்தத்தின்படி 2025 ஜனவரி 1 முதல் அபாயகரமற்ற மின்னணுக் கழிவும் முன் ஒப்புதல் நடைமுறைக்குள் வந்துவிட்டது. உயிர் போன லேப்டாப்பைச் சாதாரண பார்சலாக எல்லை தாண்டி அனுப்பினால் அது கழிவு ஏற்றுமதியாகப் பார்க்கப்படலாம். அதனால் பிரேசில் லேப்டாப்புக்கு முடிவு செய்தது இப்படி: பொறியாளர் விலகினால் தரவுகளைத் தொலைவிலிருந்து அழித்து, மேலாண்மைக் கணக்கிலிருந்து விடுவித்து, இடைநிலை நிறுவனத்திடமே ஒப்படைப்பது; அல்லது அவர் விரும்பினால் தேய்மானம் போக உள்ள விலைக்கு, முறையான ரசீதோடு, அவருக்கே விற்பது. கணக்கிலிருந்து விடுவிக்கும் வேலைக்கு ஐடி பிரிவில் ஒருவரின் பெயரையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதியிருக்கிறார்கள். அது நடக்காவிட்டால் பணம் கொடுத்து வாங்கியவருக்கு லேப்டாப் திறக்காது.

திரும்பி வந்த பழைய லேப்டாப்பை ஆம்ஸ்டர்டாமிலேயே புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள்.